டிசம்பர் 31-க்குள் முழுப் பணமும் கட்டினேன், ஆனாலும் கிரெடிட் கிடைக்கவில்லை

2025 அக்டோபர் 14-ஆம் தேதி, எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்த டெக்னீஷியன் டார்ச்சை அணைத்துவிட்டு, இதை இனி ஓட்ட முடியாது என்றார். எரியும் புகை வீட்டுக் காற்றில் கலக்காமல் சூட்டை மட்டும் கடத்தும் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல். அதன் வழியாக கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வீட்டுக்குள் கசியலாம். எண்ணெய் வால்வை மூடி, சிவப்பு அட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார். வருடா வருடம் செய்யும் சாதாரண சர்வீஸ் என்று நினைத்துத்தான் கதவைத் திறந்துவிட்டேன். நாங்கள் இருப்பது மாசசூசெட்ஸில், பாஸ்டனிலிருந்து வூஸ்டர் போகும் வழியில். இங்கே நவம்பரிலேயே இரவில் தண்ணீர் உறைந்துவிடும். என் கணவர் அப்போது திருச்சியில் இருந்தார். மாமாவுக்குப் பக்கவாதம் வந்து செப்டம்பரிலேயே கிளம்பிப் போயிருந்தார். வீட்டில் நானும், நான்காம் வகுப்பு படிக்கும் மகளும், ஐந்து வயது மகனும் மட்டும்தான்.

அந்த மூன்று மாதங்களில் ஃபர்னஸுக்குப் பதில் ஹீட் பம்ப் போட்டு, அதற்கான வரிக் கிரெடிட்டை இழந்த கதையை வரிசையாக எழுதுகிறேன். என்னைப் போல் இதுவரை இந்த விஷயங்களில் தலையிடாமல், திடீரென்று எல்லாவற்றையும் தனியாக முடிவு செய்ய வேண்டி வந்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்கு 3,650 டாலர் போயிருக்காது.

பழையபடி ஒரு எண்ணெய் ஃபர்னஸே வைத்துக்கொள்ள 9,000 டாலர் கேட்டார்கள். அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஹீட் பம்ப் போடச் சொன்னார்கள். ஏசி மாதிரிதான், ஆனால் குளிர்காலத்தில் வெளிக் காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து உள்ளே தரும், எண்ணெயே வேண்டாம். விலை கூடுதல், ஆனால் இரண்டு பக்கம் பணம் திரும்பி வரும் என்றார்கள். ஒன்று மாநிலத்தில் மின்சார, எரிவாயு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் மாஸ் சேவ் திட்டத்தின் ரிபேட், அதாவது செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது. வீடு முழுவதையும் ஹீட் பம்பிலேயே சூடாக்கினால், 2025-இல் டன்னுக்கு (மெஷினின் திறனை டன் என்றுதான் அளப்பார்கள்) 3,000 டாலர், அதிகபட்சம் 10,000. இன்னொன்று அமெரிக்க மத்திய அரசின் டாக்ஸ் கிரெடிட், அதாவது நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகை. செலவில் 30 சதவீதம், ஹீட் பம்புக்கு அதிகபட்சம் 2,000 டாலர்.

இந்தக் கிரெடிட்டின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022-இல் வந்த சட்டத்தின்படி 2023-லிருந்து 2032 முடிய இது இருக்க வேண்டியது. 2025 ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான புதிய சட்டம் அதை 2025 டிசம்பர் 31-உடன் முடித்துவிட்டது. ஏழு வருட அவகாசம் ஆறு மாதமாகச் சுருங்கியது. அதனால் அந்த இலையுதிர்காலத்தில் ஊர் முழுக்க ஒரே அவசரம். எந்த கம்பெனிக்கு போன் செய்தாலும், டிசம்பருக்குள் போட்டுவிட வேண்டும், இப்போதே கையெழுத்துப் போடுங்கள் என்பதுதான் பேச்சு.

மூன்று கம்பெனிகளிடம் விலை கேட்டேன். இரண்டு பேர் வந்து ஒவ்வொரு அறையையும் அளந்து, ஜன்னல்களை எண்ணி, பரணில் ஏறி இன்சுலேஷனைப் பார்த்து, வீட்டுக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்று கணக்குப் போட்டார்கள். மூன்றாவதாக வந்தவர் வீட்டின் சதுர அடியை மட்டும் கேட்டுக்கொண்டு இருபது நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அவர் சொன்ன விலைதான் குறைவு. 3 டன் மெஷின், 22,400 டாலர். மற்றவர்கள் ஜனவரி பிப்ரவரி என்று தேதி சொன்னபோது, டிசம்பர் முதல் வாரமே முடித்துத் தருகிறேன் என்றார். குழந்தைகளையும் குளிரையும் நினைத்து நான் அவரையே தேர்ந்தெடுத்தேன். நவம்பர் 3-ஆம் தேதி கையெழுத்துப் போட்டு பாதிப் பணம் 11,200 கட்டினேன்.

அந்த ஒப்பந்தத்தை இப்போது எடுத்துப் பார்த்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. அதில் மெஷினின் பிராண்ட் பெயர் இருந்தது, மாடல் எண் இல்லை. வேலை தொடங்கும் தேதி இருந்தது, முடியும் தேதி இல்லை. வீட்டுக்கு வரும் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பிரேக்கர் பெட்டியான எலெக்ட்ரிக்கல் பேனலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கையெழுத்துப் போடுவதற்கு முன் கேட்க வேண்டியது இந்த மூன்றும்தான். வெளியே வைக்கும் யூனிட், உள்ளே வைக்கும் யூனிட் இரண்டின் மாடல் எண்களும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இரண்டும் ஜோடியாகச் சோதிக்கப்பட்டதற்கு, ஏஹெச்ஆர்ஐ என்ற தொழில் அமைப்பு தரும் சான்று எண் ஒன்று உண்டு, அதையும் எழுதி வாங்குங்கள். ரிபேட்டுக்குத் தகுதி அந்த ஜோடிக்குத்தான், கிரெடிட்டுக்கும் அப்படித்தான் இருந்தது. ஸ்டாக் இல்லை என்று ஒன்றை மட்டும் மாற்றி வைத்தால் தகுதியே போகலாம். என் இன்வாய்ஸில் இருந்த எண்ணும் மெஷினில் ஒட்டியிருந்த மாடலும் ஒத்துப்போகாமல், அதைத் திருத்தி வாங்கவே இரண்டு வாரம் ஆனது.

பேனல் விஷயம்தான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. டிசம்பர் 9-ஆம் தேதி ஆட்கள் வந்தார்கள். வெளி யூனிட்டைப் பின்பக்கம் வைத்தார்கள், பழைய ஃபர்னஸை உடைத்து எடுத்துப் போனார்கள். மறுநாள் வந்த எலெக்ட்ரீஷியன் பேஸ்மென்ட்டில் பேனல் மூடியைத் திறந்ததும் தலையை ஆட்டினார். எங்கள் வீடு 1978-இல் கட்டியது, பேனல் 100 ஆம்ப். ஹீட் பம்புடன், கடும் குளிருக்குத் துணையாக 10 கிலோவாட் மின் ஹீட்டர் ஒன்றும் வருகிறது. அதற்கு மட்டுமே 60 ஆம்ப் பிரேக்கர் வேண்டும். அடுப்பு, டிரையர் எல்லாம் ஏற்கெனவே இருக்க, இந்தப் பேனல் தாங்காது, 200 ஆம்ப்புக்கு மாற்ற வேண்டும், 3,600 டாலர் என்றார். டவுன் அலுவலகத்தில் பெர்மிட் எடுக்க வேண்டும். மின்சார கம்பெனி வந்து வெளியே இணைப்பைத் துண்டித்துத் திரும்பக் கொடுக்க வேண்டும். அவர்களிடம் கிடைத்த முதல் தேதி ஜனவரி 8.

பேனலின் பெரிய பிரேக்கரில் 100 அல்லது 200 என்று எண் பொறித்திருக்கும். மூடியின் சிறு கதவைத் திறந்தாலே தெரியும். ஹீட் பம்ப் பற்றி விசாரிக்கும் முதல் நாளே அதை ஒரு போட்டோ எடுத்து எல்லாக் கம்பெனிகளுக்கும் அனுப்பி, இது போதுமா என்று எழுத்தில் பதில் கேளுங்கள். ஒரு நிமிட வேலை. என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டியவர் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

அடுத்த ஐந்து வாரம் எப்படிப் போனது என்று நினைத்தாலே இப்போதும் அழுகை வருகிறது. நான்கு ஸ்பேஸ் ஹீட்டர் வாங்கியிருந்தேன், ஒவ்வொன்றும் 1,500 வாட். ஒரே சர்க்யூட்டில் இரண்டைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும். அதனால் மூன்று பேரும் ஒரே அறையில் படுத்தோம். குழாய் உறைந்து வெடித்துவிடக் கூடாது என்று இரவில் சமையலறைக் குழாயைச் சொட்டவிட்டு, சிங்க்குக்குக் கீழே இருக்கும் கதவுகளைத் திறந்து வைப்பேன். ஒரு இரவு வெளியே 8 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது மைனஸ் 13 செல்சியஸ். மகன் ஜாக்கெட்டோடு தூங்கினான். திருச்சியில் ஆஸ்பத்திரி வராண்டாவிலிருந்து கணவர் போன் செய்து "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்பார். அவர் இருந்த நிலையில் அவரிடம் எதுவும் சொல்ல மனம் வரவில்லை. "எல்லாம் நல்லா இருக்கு, நீங்க மாமாவைப் பாருங்க" என்பேன். மின் கட்டணம் மட்டும் வழக்கத்தைவிட 1,300 டாலர் கூடுதலாக வந்தது.

டிசம்பர் 29-ஆம் தேதி கம்பெனி அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அழைத்தார். மீதி 11,200 டாலரையும் 31-ஆம் தேதிக்குள் கட்டிவிட்டால் இந்த வருடக் கிரெடிட்டுக்குள் வந்துவிடுவீர்கள், 'முழுப் பணமும் பெறப்பட்டது' என்று டிசம்பர் தேதி போட்ட ரசீது தருகிறோம் என்றார். மெஷின் ஓடவே இல்லையே என்று கேட்டேன். பணம் கட்டிய தேதிதான் கணக்கு என்று உறுதியாகச் சொன்னார். மின்னஞ்சலிலும் அதையே எழுதி அனுப்பினார். 2,000 டாலர் போய்விடுமே என்ற பயத்தில் அன்றைக்கே பணத்தை அனுப்பினேன்.

அது தவறு. சட்டத்தில் இருப்பது 'பிளேஸ்ட் இன் சர்வீஸ்' என்ற சொல். நிறுவும் வேலை முடிந்து, பொருள் பயன்படுத்தத் தயாராக இருக்கும் நாள்தான் கணக்கு. பணம் எப்போது கட்டினோம், எப்போது ஒப்பந்தம் போட்டோம் என்பது எதையும் மாற்றாது. முழுப் பணமும் 2025-இலேயே கட்டியிருந்தாலும், வேலை 2026-இல் முடிந்தால் கிரெடிட் கிடையாது என்று அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ் தன் கேள்வி-பதில் குறிப்பில் ஆகஸ்ட் மாதமே எழுதி வைத்திருந்தது. பத்து நிமிடம் செலவழித்துப் படித்திருந்தால் அந்த 11,200 டாலர் என் கையிலேயே இருந்திருக்கும். வேலையைச் சீக்கிரம் முடிக்க வைப்பதற்கு என்னிடம் இருந்த ஒரே பிடி அதுதான். கடைசித் தவணையை மெஷின் ஓடி, டவுன் இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தருவேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். யார் எந்த வரிக் காரணம் சொன்னாலும் அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஜனவரி 14-ஆம் தேதி மெஷின் ஓடத் தொடங்கியது. பிப்ரவரியில் வரிக் கணக்குத் தயாரிப்பவரிடம் பேப்பர்களைக் கொடுத்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, எந்தத் தேதியில் ஓட ஆரம்பித்தது என்பதுதான். சொன்னேன். இந்தக் கிரெடிட்டைக் கேட்பதற்கான படிவம் 5695-ஐ மூடி வைத்துவிட்டார். ஹீட் பம்புக்கு 2,000, அதோடு சேர்த்துப் பேனலை மாற்றியதற்கு 30 சதவீதம் என்ற கணக்கில் அதிகபட்சமாகக் கிடைத்திருக்க வேண்டிய 600, இரண்டும் போயின. அதே நாளில் மாஸ் சேவ் ரிபேட்டும் 2026-ஆம் வருடக் கணக்கில் விழுந்தது தெரிந்தது. டன்னுக்கு 3,000 இருந்த இடத்தில் 2,650. 9,000 வர வேண்டியது 7,950 ஆனது, அதில் ஒரு 1,050 போனது. எல்லாம் பதினான்கு நாள் தாமதத்தால்.

கம்பெனிக்கு போன் செய்து சொன்னேன். விலை பேசியவர் அரை நிமிடம் யோசித்துவிட்டு, டிசம்பர் 30-ஆம் தேதி வேலை முடிந்ததாக வேறு இன்வாய்ஸ் தருகிறேன், எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்றார். வேண்டாம் என்று உடனே சொல்லிவிட்டேன். வரிப் படிவத்தின் கீழே நாம் கையெழுத்துப் போடுவது, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்ற வாசகத்துக்குக் கீழே. பேனலுக்கான பெர்மிட்டும், இன்ஸ்பெக்டர் ஜனவரியில் போட்ட கையெழுத்தும் டவுன் அலுவலகத்தில் பதிவில் இருக்கின்றன. எங்கள் கிரீன் கார்டு இன்னும் வரிசையில் நிற்கிறது. 2,600 டாலருக்காக அதில் ஒரு கீறல் விழுவதை நான் எப்படி ஏற்பேன்? இப்படி யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். இன்வாய்ஸ் எழுதுவது அவர், கையெழுத்துப் போடுவது நாம்.

அப்புறம் ஒரு தோழி, அக்கா என்றுதான் கூப்பிடுவேன், அவர் ஒரு வழி சொன்னார். மாசசூசெட்ஸ் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 93ஏ என்பார்கள், அதன்படி நமக்கு நேர்ந்த நஷ்டத்தை விவரித்து ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்பினால், அந்த நிறுவனம் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். வக்கீல் இல்லாமலேயே எழுதலாம். டிசம்பர் 29 மின்னஞ்சலை இணைத்து, தொகைகளை எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பினேன். 26-ஆம் நாள் பதில் வந்தது. தவறை ஒப்புக்கொள்ளவில்லை, ஆனால் 1,000 டாலர் திருப்பித் தருவதாக எழுதியிருந்தார்கள். வழக்குக்குப் போக எனக்குத் தெம்பு இல்லை, வாங்கிக்கொண்டேன். அந்த மின்னஞ்சல் என்னிடம் இல்லாவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. போனில் யார் என்ன உறுதி கொடுத்தாலும், நீங்கள் இப்படிச் சொன்னீர்கள், சரிதானே என்று உடனே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

இந்தக் கிரெடிட் முடிந்துவிட்டது, இனி எதற்கு இதெல்லாம் என்று கேட்கலாம். அங்கேதான் பலருக்கு உபயோகமான விஷயம் இருக்கிறது. வரிக் கணக்கர் போகிற போக்கில், 2023-லும் 2024-லும் வீட்டில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டார். 2024 ஆகஸ்டில் பழைய வாட்டர் ஹீட்டர் ஒழுகிப் போய், ஹீட் பம்ப் வகை வாட்டர் ஹீட்டர் வைத்திருந்தோம். 4,100 டாலர் ஆனது, 750 ரிபேட் வந்தது. டாக்ஸ் கிரெடிட் நினைவே இல்லாமல் அந்த வருடக் கணக்கைத் தாக்கல் செய்திருந்தோம். அதற்கும் இதே 30 சதவீதம் உண்டு. மின்சார நிறுவனங்களின் ரிபேட்டைக் கழித்துவிட்டுத்தான் கணக்குப் போட வேண்டும் என்பதால் 3,350-இல் 30 சதவீதம், 1,005 டாலர். திருத்திய கணக்கை, அதாவது படிவம் 1040-எக்ஸ், பொதுவாகத் தாக்கல் செய்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் கொடுக்கலாம். 2023-ஆம் வருடக் கணக்குக்குக்கூட 2027 ஏப்ரல் நடுப்பகுதி வரை பெரும்பாலானவர்களுக்கு நேரம் இருக்கிறது.

அதனால் 2023 முதல் 2025 வரை முடிந்த வேலைகளின் பழைய ரசீதுகளைத் தேடிப் பாருங்கள். ஹீட் பம்ப், ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் இவற்றுக்கு ஒரு வருடத்தில் எல்லாம் சேர்த்து 2,000 வரை. இன்சுலேஷன், ஜன்னல், கதவு, பேனல், உயர்திறன் எரிவாயு ஃபர்னஸ் இவற்றுக்கு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 1,200 வரை, அதற்குள் ஜன்னலுக்கும் ஃபர்னஸுக்கும் தலா 600 என்று தனி வரம்பு. ஹீட் பம்புக்கும் ஃபர்னஸுக்கும் ஆள் கூலியும் கணக்கில் சேரும். இன்சுலேஷனுக்கும் ஜன்னலுக்கும் கதவுக்கும் பொருளின் விலை மட்டும்தான், அதனால் இன்வாய்ஸில் கூலி தனியாகப் பிரித்து எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். புதிதாகக் கட்டிய வீட்டில் பில்டரே போட்டுக் கொடுத்ததற்குக் கிடையாது. நாம் குடியிருக்காமல் வாடகைக்கு மட்டும் விட்ட வீட்டுக்கும் கிடையாது. இன்னொன்று, இது நாம் கட்ட வேண்டிய வரியைக் குறைக்கும், அவ்வளவுதான். அந்த வருடம் உங்கள் வரி 900 டாலர் என்றால் 2,000-இல் 900-தான் உபயோகமாகும், மீதியை அடுத்த வருடத்துக்கு எடுத்துப் போக முடியாது. வேலை போய் வருமானம் குறைந்த வருடமாக இருந்தால் இதை முதலில் பாருங்கள்.

2025-இல் வேலை முடிந்தவர்களுக்கு, இன்சுலேஷன் தவிர மற்றவற்றுக்கு, ஒரு கூடுதல் வேலை உண்டு. தயாரித்த நிறுவனத்தின் நான்கு எழுத்துக் குறியீடு ஒன்றைப் படிவம் 5695-இல் எழுத வேண்டும். அதைத் தயாரிப்பாளரின் தகுதிச் சான்றிதழில் பார்க்கலாம், இல்லை பொருத்தியவரிடம் கேட்டு வாங்கலாம். 2023, 2024-க்கு அந்தக் குறியீடு தேவையில்லை, சான்றிதழைப் பதிவிறக்கி ரசீதோடு வைத்துக்கொண்டால் போதும்.

மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜனவரி 27-ஆம் தேதி கணவர் ஊரிலிருந்து வந்தார். மாமா இப்போது கைத்தடியுடன் நடக்கிறார். வந்ததும் வென்ட்டில் கை வைத்துப் பார்த்து "காத்து சூடாவே இல்லையே" என்றார். எனக்கும் முதல் நாள் அதே பயம் இருந்தது. ஃபர்னஸ் மாதிரி கொதிக்கக் கொதிக்க ஊதி நிற்காது. மிதமான சூட்டில் ஓடிக்கொண்டே இருக்கும், அதன் இயல்பு அது. இரவில் வெப்பத்தைக் குறைத்துக் காலையில் ஏற்றும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும். அப்படி ஏற்றும்போதுதான் துணை ஹீட்டர் ஓடி மின்சாரத்தைக் குடிக்கிறது. நாங்கள் 68 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்து விட்டுவிட்டோம். பிப்ரவரிக் குளிரிலும் வீடு நன்றாக இருந்தது. மெஷின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

2024-க்கான திருத்திய கணக்கை மார்ச் 9-ஆம் தேதி மின்வழியில் அனுப்பினேன். 8-லிருந்து 12 வாரம் ஆகும், சில சமயம் 16 வாரம்கூட ஆகலாம் என்று ஐஆர்எஸ் சொல்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் எங்கே இருக்கிறது என்று பார்க்கிறேன். போன வாரம் 'பெறப்பட்டது' என்று காட்டியது.